மாசி முதல் சித்திரை வரை: வீட்டுத் தோட்டமும் நாட்டுக்கோழியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி விலகி, கத்திரி வெயில் தொடங்கும் வரை கிடைக்கும் இரண்டரை மாதத்துக்கான பக்கம் இது. தமிழ்நாட்டுச் சமவெளியில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ள 5 முதல் 10 சென்ட் வீட்டு நிலம், அதில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி என்ற அளவை வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மலைப் பகுதிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மாசியில் என்ன விதைக்கலாம்?

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, வெள்ளரி, தண்டுக்கீரை, சிறுகீரை. இவை வெயில் தாங்கும், சீக்கிரம் பலன் தரும். தை மாதத்திலேயே நாற்று விட்டிருந்தால் கத்தரியும் நடலாம். 30 நாள் ஆன நாற்றை 2 அடிக்கு 2 அடி இடைவெளியில், வெயில் இறங்கிய பின் நட வேண்டும்.

புடல், பீர்க்கு, பாகல், சுரை ஆகிய பந்தல் காய்கள் தைப்பட்டத்துக்கு உரியவை. மாசி முதல் வாரம் வரை ஊன்றலாம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் கொடி பூக்கிற நேரத்தில் வெயில் உச்சத்துக்கு வந்துவிடும். வெப்பம் கூடக் கூட ஆண்பூ மிகுந்து பெண்பூ குறையும். பந்தல் பச்சைப்பசேலென்று இருக்கும், காய் இருக்காது.

தக்காளியை இப்போது புதிதாக நடாதீர்கள். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். எந்த டானிக் தெளித்தாலும் அது நிற்காது. கேரட், பீட்ரூட், காலிஃபிளவரை அடுத்த குளிருக்கு ஒதுக்கிவையுங்கள்.

கோழியைத் தோட்டத்துக்குள் விடலாமா, கூடாதா?

விடலாம். எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோழி களையெடுக்கும், புழு பொறுக்கும், எருவும் போடும். அதே கோழி, விதைத்த பாத்தியை அரை மணி நேரத்தில் கிளறி முடித்துவிடும். தோட்டத்தின் வயதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம், பழைய செடிகளைப் பிடுங்கிய பிறகு நிலம் சும்மா கிடக்கும் நாட்கள். இதுதான் கோழிக்கான நேரம். 10 கோழிகளை 1 சென்ட் பரப்பில் வலைகட்டி 10 முதல் 14 நாள் அடைத்துவிடுங்கள். மண்ணை ஒருமுறை கொத்திவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் இன்னும் நன்றாகக் கிளறும். பந்தல் காய்களைத் துளைக்கும் பழ ஈயின் புழு, காயிலிருந்து மண்ணில் விழுந்து, மேல் மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது. செடியை வெட்டும் வெட்டுப்புழுவும் பகலில் மண்ணுக்குள்தான் சுருண்டு கிடக்கும். இவற்றைக் கோழி அளவுக்குத் தேடிப் பொறுக்க மருந்தாலும் ஆகாது.

இரண்டாம் கட்டம், விதை ஊன்றிய நாளிலிருந்து செடி முட்டி உயரம் வரும் வரை. இந்த 35–40 நாளும் ஒரு கோழிகூட உள்ளே வரக் கூடாது. ஈரமாகவும் பொலபொலவென்றும் இருக்கும் பாத்திதான் கோழி மண்குளியல் போடத் தேடும் இடம். விதையைத் தின்பதைவிட, நாற்றைப் புரட்டிப்போட்டுப் படுப்பதால்தான் சேதம் அதிகம். கொட்டகை ஓரத்தில் 3 அடிக்கு 3 அடி குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்துவிட்டால், பாத்தி மீதான மோகம் பெருமளவு குறையும். கோழிப்பேனும் குறையும்.

மூன்றாம் கட்டம், வெண்டை இரண்டரை அடி தாண்டிய பிறகு. மாலையில், கோழி அடைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடுங்கள். இருட்டத் தொடங்கினால் தானே கொட்டகைக்குத் திரும்பிவிடும், துரத்த வேண்டியதில்லை. பந்தலுக்கு அடியில், கொடி மேலேறிய பின் பகல் முழுக்கவும் விடலாம். நிழலும் கிடைக்கும். கீரைப் பாத்தி மட்டும் எந்தக் கட்டத்திலும் கோழிக்கு இல்லை.

வேலி எவ்வளவு உயரம் வேண்டும்?

சிறிய உடல் கொண்ட நாட்டுக்கோழி வகையான சிறுவிடை 4 அடியைச் சுலபமாகத் தாவும். 5 அடி உயரத்துக்குப் பழைய மீன்வலையைச் சவுக்குக் கம்பில் கட்டினால் போதும். மேல் விளிம்பில் கம்போ மரச்சட்டமோ வைக்காமல் வலையைத் தளர்வாக விடுங்கள். உட்கார இடம் தெரிந்தால்தான் கோழி தாவும். அடியில் அரை அடி வலையை மண்ணுக்குள் புதைக்க வேண்டும்.

தொடர்ந்து தாவும் கோழிக்கு ஒரு பக்க இறக்கையில் மட்டும், வெளிப்புறப் பெரிய இறகுகள் பத்தையும் பாதி நீளத்துக்கு வெட்டுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது, பயனும் குறையும். அடிக்குருத்தில் ரத்தம் ஓடும் புது இறகை வெட்டக் கூடாது. இறகு உதிர்ந்து முளைத்ததும் மறுபடி பறக்கும்.

வெண்டையை எப்படி ஊன்றுவது? எவ்வளவு விதை வேண்டும்?

1 சென்ட்டுக்கு 35 முதல் 40 கிராம். ஒரு குடும்பத்துக்கு 60 செடி தாராளம், அதற்குக் கால் சென்ட் இடமும் 10 கிராம் விதையும் போதும். விதையை இரவு ஊறவைத்து, காலையில் நிழலில் ஈரம் வடியவிட்டு ஊன்றுங்கள். பாருக்குப் பார் (வரிசைக்கு வரிசை) ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி, ஆழம் 2 செ.மீ. குழிக்கு இரண்டு விதை போட்டு, பத்தாம் நாள் வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

45 நாளில் முதல் காய். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். முற்றிய காய் செடியிலேயே நின்றால் அடுத்த பூ வருவது குறைந்துபோகும்.

கடையில் வாங்கிய விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது மருந்து பூசியது. அதை ஊறவைக்க வேண்டாம், அப்படியே ஊன்றுங்கள். மீந்த விதையைக் கோழிக்கு இறைத்துவிடாதீர்கள்.

கீரை விதை தூவிய மறுநாளே எறும்பு இழுத்துப் போகிறதே?

விதையோடு ஒரு கைப்பிடி அரிசி ரவையைக் கலந்து தூவுங்கள். எறும்பு ரவையைத்தான் முதலில் தூக்கும், அதற்குள் விதை முளைத்துவிடும். 1 சென்ட்டுக்கு 10 கிராம் கீரை விதையை ஒரு கிலோ மணலுடன் கலந்தால் சீராக விழும். தூவியபின் துடைப்பத்தால் லேசாகக் கோதிவிட்டு, பூவாளியால் மட்டும் தண்ணீர் விடுங்கள். வாய்க்கால் தண்ணீர் விதையை ஒரு மூலைக்குச் சேர்த்துவிடும்.

கோழி எருவைக் கூட்டி அள்ளி நேராகச் செடிக்குப் போடலாமா?

கூடாது. புது எருவில் இருந்து வரும் அமோனியா வேரைக் கருக்கும். இலை ஓரம் காய்ந்து, செடி நீரில்லாததுபோல் வாடும். கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். மாட்டெருவைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால்தான் இந்தச் சூடு.

கொட்டகையில் 3 அங்குலம் நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பி வைத்திருந்தால் எருவும் உமியும் சேர்ந்தே கிடைக்கும். அத்துடன் அதே அளவு காய்ந்த சருகு சேர்த்து, நிழலில் 3 அடி உயரத்துக்குக் குவியுங்கள். ஈரப் பதம் கையில் தெரியும்: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. நாலைந்து நாளில் குவியல் உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறும். சூடேறவில்லை என்றால் ஈரமோ எருவோ போதவில்லை. மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் எரு கூடிவிட்டது, சருகு சேருங்கள். 15 நாளுக்கு ஒருமுறை புரட்டினால் 60 நாளில் நெடி போய், மண் வாசனை வரும்.

மக்கியதை 1 சென்ட்டுக்கு 20 கிலோ, தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கீரைக்கு மக்காத எரு அறவே ஆகாது. அதில் உள்ள கிருமி காயோடு சமையலறைக்கு வந்துவிடும். மாசிக்கு எரு வேண்டுமானால் மார்கழியில் குவிக்க வேண்டும். இப்போது குவித்தால் அது ஆடிப்பட்டத்துக்கு உதவும்.

மாசியில் அடை வைக்கலாமா?

வைக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. பிப்ரவரி நடுவில் வைத்தால் மார்ச் முதல் வாரம் பொரிக்கும். கத்திரி வெயில் தொடங்கும் மே முதல் வாரத்தில் குஞ்சுக்கு 8 வாரம் ஆகிவிடும், ஓரளவு தாங்கும். சித்திரையில் வைத்த அடையில் பாதி பொரிக்காமல் போவது வழக்கம். அதற்குக் காரணம் கோழி அல்ல. சேர்த்துவைத்த முட்டையில், அறைச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி இறந்துவிடுகிறது.

முட்டையைச் சேர்க்கும்போது, இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கும். அகலமான மண்சட்டியில் மணல் பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, சட்டியை ஈரச் சாக்கின் மேல் இருட்டான இடத்தில் வையுங்கள். 7 நாளுக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். வெயில் ஏறிவிட்டால் 5 நாளே அதிகம்.

சிறுவிடைக்கு 10 முதல் 12 முட்டை. கோழியின் நெஞ்சுக்கு அடியில் மறையாமல் வெளியே தெரியும் முட்டை தினமும் ஒன்றாகக் குளிர்ந்து, கடைசியில் எல்லாமே கெடும். கூடையில் 3 அங்குலம் மணல், மேலே வைக்கோல், இடையில் கைப்பிடி வேப்பிலை. மணலில் சாம்பல் கலந்தால் பேன் ஏறாது. பேன் ஏறினால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும். அடைகோழி நாளுக்கு ஒருமுறை இறங்கி, 15–20 நிமிடம் தின்று எச்சமிட்டு வரட்டும்.

ஏழாம் நாள் இரவு, டார்ச் முனையைக் கையால் பொத்தி, முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்போல் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. வெறும் மஞ்சள் வெளிச்சம் என்றால் கரு இல்லாத கூமுட்டை. நரம்பில்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், உள்ளே கிடந்து வெடித்தால் மற்ற முட்டைகளையும் நாசமாக்கும். 21ஆம் நாள் பொரிக்கும். ஓட்டை உடைத்து ‘உதவி’ செய்யாதீர்கள்.

சேவல் இல்லாமல் முட்டை இடுமா?

இடும், ஆனால் பொரிக்காது. அடை வைக்க 10 பெட்டைக்கு ஒரு சேவல்.

வாங்கிவந்த குஞ்சுக்கு பல்ப் எத்தனை வாட்?

குஞ்சுக்கு 1 முதல் 2 வாட். 30 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்ப். எல்.இ.டி. பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. ‘பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது, காலையில் பாதிக் குஞ்சு செத்துக் கிடந்தது’ என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பங்குனிப் பகலில் பல்பே தேவைப்படாது, பின்னிரவில் கட்டாயம் வேண்டும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பாருங்கள். பல்புக்குக் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்து கத்தினால் குளிர். வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து ஓரமாக ஒதுங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, அந்தப் பக்கம் சாக்குக் கட்டுங்கள்.

ஒன்றரை அடி உயரத் தகரத்தையோ அட்டையையோ வட்டமாக நிறுத்துங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் நெருக்கி மிதிபட்டுச் சாகும். உமி மேல் மூன்று நாள் செய்தித்தாள் விரியுங்கள், இல்லாவிட்டால் உமியையே தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும். தாளைத் தினமும் மாற்ற வேண்டும்.

குஞ்சுக்குத் தீவனம்?

8 வாரம் வரை குஞ்சுத் தீவனம்தான் அடிப்படை. வெறும் நொய் அரிசியில் வளர்த்தால் இறகு முளைப்பது தாமதமாகும், கால் வலுக்காது. புரதத்துக்குக் கரையான் மிக நல்லது, செலவும் இல்லை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் தலைகீழாகக் கவிழ்த்துவையுங்கள். மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறும் முன், தூக்கித் தட்டினால் பத்துப் பதினைந்து குஞ்சுக்கு ஒரு வேளை இரை கிடைக்கும். வெயில் பட்டால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

மேயும் பெரிய கோழிக்கு நாளுக்கு 50–60 கிராம் தானியமும் தவிடும் கலந்து கொடுத்தால் போதும். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டிய அளவு தானே கொத்தும்.

எந்தத் தடுப்பூசி, எப்போது?

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்தான் முதல் எதிரி. கோடையில் ஒரு தெருவையே காலி செய்யும், வந்தபின் மருந்தில்லை. 5–7ஆம் நாள் அதற்கான சொட்டு மருந்தான லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 14ஆம் நாள், கம்போரோ என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கான தடுப்பூசி. நான்காம் வாரம் மறுபடி லசோட்டா. 8ஆம் வாரம் இறக்கைக்கு அடியில் ராணிக்கெட் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை ஊர் ஊராக நடத்துவது வழக்கம். உங்கள் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு, அன்று காலை கோழியைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) கவிழ்த்துவையுங்கள்.

ஊசி போட்டும் நோய் வந்தால் பெரும்பாலும் மூன்று காரணம்: மருந்து ஐஸ் இல்லாமல் வந்தது, கலக்கி இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டது, ஏற்கெனவே நோய் பிடித்த கோழிக்குப் போட்டது. லசோட்டாவைக் குடிநீரில் கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. ஒரு குப்பியில் 100 குஞ்சுக்கான மருந்து இருக்கும். பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் கோழிக்கும் போட்டால்தான் உங்களுடையதற்கும் பாதுகாப்பு.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிறது. என்ன போடலாம்?

மஞ்சள் நரம்புத் தேமல், வைரஸ் நோய். அந்தச் செடிக்கு வைத்தியம் இல்லை. பார்த்த அன்றே பிடுங்கி எரியுங்கள். பரப்புவது வெள்ளை ஈ, அதைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் பிழிந்து, வடிகட்டி, 50 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். 10 நாளுக்கு ஒருமுறை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட கொட்டையில் வீரியம் இருக்காது. மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி உச்சியளவில் கட்டலாம், கோழி எட்டும் உயரத்தில் வேண்டாம்.

கோழி திரியும் தோட்டத்தில் எதைத் தவிர்க்க வேண்டும்?

ஆமணக்குப் புண்ணாக்கு. உரமாகப் பலரும் போடுகிறார்கள், அதிலுள்ள ரிசின் நஞ்சு கோழியைக் கொல்லும். அதற்குப் பதிலாக வேப்பம் புண்ணாக்கைப் போட்டு, மண் தள்ளி மூடுங்கள். பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும் பொறிப்பயிராக ஓரத்தில் ஆமணக்கு வளர்ப்பவர்கள், காய் வெடிக்கும் முன் குலையை வெட்டிவிட வேண்டும். எலி மருந்து வைக்கவே கூடாது. செத்த எலியைக் கொத்தினாலும் கோழிக்கு ஆபத்து.

கீரி, பருந்து, காகம்?

கீரிக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பிவலை)தான் பதில். அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழிவலையைப் பிய்த்துவிடும். பருந்து, காகத்துக்கு முதல் 4 வாரம் குஞ்சைத் தாயுடன் மரநிழலில் பஞ்சாரத்துக்குள் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள்.

பங்குனி வெயிலில் கோழி மூச்சு வாங்குகிறது.

காலை 6 மணிக்குள் ஒரு முறையும் மாலை 5 மணிக்குப் பின் ஒரு முறையும் மட்டும் தீவனம் கொடுங்கள். நடுப்பகலில் தின்றால் செரிக்கும்போது உண்டாகும் சூடே கோழியைச் சாய்த்துவிடும். தண்ணீர் வழக்கமாக ஒரு கோழிக்கு நாளுக்கு கால் லிட்டர், இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு. மண்சட்டியில், நிழலில், இரண்டு மூன்று இடங்களில் வைத்து, மதியம் ஒருமுறை மாற்றுங்கள். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பி 11 மணிக்கும் 2 மணிக்கும் நனையுங்கள். சாய்ந்த கோழியைத் தண்ணீரில் முக்காமல், கால்களையும் கொண்டையையும் நனைத்துக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். முட்டை குறையும், ஓடு மெலியும். மூச்சு வாங்கும் கோழிக்கு ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராது. வெயில் தணிந்தால் சரியாகிவிடும்.

சித்திரையில் கோடைமழை பெய்ததும் குஞ்சுகள் ரத்தமாகக் கழிகின்றன.

ரத்தக் கழிச்சல். நனைந்த உமியில் பெருகும் காக்சிடியா கிருமியால் வருவது, 3 முதல் 8 வாரக் குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். அன்றே கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஆம்ப்ரோலியம் மருந்தைக் குடிநீரில் தொடங்குங்கள், இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க இதில் நேரமில்லை. நனைந்த உமி முழுவதையும் அள்ளி எருக்குவியலில் போட்டு, தரையில் சுண்ணாம்புத் தூள் தூவி, காய்ந்த உமி பரப்புங்கள். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் வைத்தால் சிந்துவது குறையும். சாரல் அடிக்கும் பக்கம் கூரையை இரண்டு அடி வெளியே இறக்கிவிடுங்கள். அதே மழைக்குப் பின் கொசு பெருகி அம்மை வரும். கொண்டையில் கொப்புளம் தெரிந்த கோழியைத் தனியே அடைத்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவி, கொட்டகையில் மாலையில் நொச்சிப் புகை போடுங்கள். கண் மூடிக்கொண்ட கோழி தானாகத் தின்னாது, கையால் இரை ஊட்ட வேண்டும்.